உட்கார், பரீட்சைக்கு வராது!

போன வாரம் எங்க பி.காம். புள்ளியியல் வகுப்பு. கல்வராயன் மலையில் வெள்ளிமலையிலிருந்து பஸ் பிடித்துக் கள்ளக்குறிச்சிக்கு வரும் நண்பன் எழுந்து, "சார், திட்ட விலக்கம் போடும்போது எண்ணிக்கையில ஒண்ணு கழிச்சு வகுக்கறமே, ஏன்?" என்றான். "அதெல்லாம் பரீட்சைக்கு வராது, உட்கார்." முடிஞ்சது கதை!

எனக்கு சி.ஆர்.ராவ் ஞாபகம்தான் வந்தது. 1940களில் கல்கத்தா பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தியபோது அவருக்கு இருபத்து சொச்சம் வயது. பிஎச்.டி.கூட கிடையாது. ஏராளமான தரவு இருந்தால் பொருந்தும் ஃபிஷரின் முடிவு ஒன்றை விளக்கும்போது, தண்டேகர் என்ற மாணவர் "சின்ன மாதிரிக்கும் இப்படி நிரூபிக்க முடியுமா?" என்று கேட்டார். ராவ் 'உட்கார்' என்று சொல்லவில்லை. ராத்திரி தானே உட்கார்ந்து நிரூபித்து, மறுநாள் வகுப்பில் சொன்னார். 1945-ல் அச்சான அதுதான் கிராமர்-ராவ் எல்லை. கேட்ட தண்டேகர் பிற்பாடு இந்திய வறுமையை அளந்த பொருளாதார அறிஞர்!

எங்க சாரைத் திட்டவில்லை. அவர் கௌரவ விரிவுரையாளர். கௌரவம் பெயரில் மட்டும். வகுப்புக்கு 1,500, மாதம் மிஞ்சினால் 50,000 என்று 2019-ல் சொன்னது யுஜிசி. வகுப்பை எண்ணித்தான் கூலி. ராவின் அந்த ராத்திரிக்கு இந்தக் கணக்கில் சல்லிக்காசு கிடையாது. நிரந்தர வேலை கொடுக்காமல் ஆராய்ச்சி எங்கே என்று கேட்பது என்ன நியாயம்?

பி.கு: சராசரியையும் அதே மாதிரியிலிருந்தே எடுப்பதால் விலக்கம் கொஞ்சம் குறைவாகத் தெரியும். அதைச் சரிக்கட்டத்தான் அந்த ஒண்ணு. சொல்ல ரெண்டு நிமிஷம்.