ஆச்சி என்றால் மட்டும் இனிக்குமா?

எங்கள் தெருவில் புருஷன் விட்டுப்போன ஒருத்தி, தீப்பெட்டி ஆபீசுக்குப் போய் மகனைப் படிக்க வைக்கிறாள். விசேஷ வீடுகளில் அவள் காதுபடவே 'வாழாவெட்டி' என்கிறார்கள். அதே வாய்தான் டி.வி.யில் 'தில்லானா மோகனாம்பாள்' ஜில்ஜில் ரமாமணியைக் கண்டதும் 'நம்ம ஆச்சி' என்று விழுந்து விழுந்து சிரிக்கிறது. மனோரமாவும் கைக்குழந்தையோடு கைவிடப்பட்டவர்தானே! பள்ளத்தூரில் வீட்டு வேலை பார்த்த தாய் வளர்த்த பெண். 1958-ல் 'மாலையிட்ட மங்கை'யில் தொடங்கி ஆயிரம் படங்களுக்கு மேல் நடித்து, 2002-ல் பத்மஸ்ரீயும் வாங்கினார். 2015-ல் அவர் இறந்தபோது டி.வி. முன்னால் கண்ணைத் துடைத்தவர்கள், பக்கத்து வீட்டுக்காரியை ஆலத்தி எடுக்கக் கூப்பிட மட்டும் ஏன் யோசிக்கிறார்கள்? என் மகள் சடங்கில் முதல் தட்டை அவள் கையில்தான் கொடுத்தேன். மாமியார் இன்னும் என்னோடு பேசவில்லை.

- ஒரு வாசகி, ஏழாயிரம்பண்ணை.