கீரைக்காரம்மாளின் பத்து ரூபாய்

வேப்பம்பட்டு ரயில் நிலைய வாசலில் தேர்தல் காலத்து மாலைகளில் தகர உண்டியலுடன் சிலர் நிற்பதுண்டு. அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் வேலை முடிந்து மின்சார ரயிலில் வந்திறங்குகிறவர்களில் பெரும்பாலோர் பார்க்காததுபோல் நகர்ந்துவிடுவார்கள். நானும் அப்படி நகர்ந்தவன்தான். ஒருநாள் அங்கே கீரை விற்கும் அம்மாள் ஒரு பத்து ரூபாய்த் தாளை மடித்து உண்டியலில் போட்டுவிட்டுக் கேட்டார்: "போன எலெக்சனுக்கும் போட்டேனே தம்பி, அந்தக் காசுல என்ன பண்ணீங்க?" உண்டியல்காரர் சிரித்துச் சமாளித்தார். எந்தக் கட்சி என்பது இங்கே முக்கியமில்லை.

அந்தக் கேள்வியைத்தான் நான் சிறுநன்கொடையின் முதல் பயன் என்று கருதுகிறேன், பணம் இரண்டாவதுதான். சிற்றிதழ் வாசகர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சந்தா கட்டியவர்தான் இதழ் தாமதமானால் ஆசிரியருக்குக் கடிதம் எழுதுகிறார். இலவசப் பிரதி வாங்கியவர் எழுதுவதில்லை.

தமிழக அரசியலில் வசூலுக்கு ஒரு காலத்தில் பெருமை இருந்தது. 1967 தேர்தலை ஒட்டி விருகம்பாக்கத்தில் நடந்த தி.மு.க. மாநாட்டில், பொருளாளர் கருணாநிதி திரட்டிய தேர்தல் நிதியை அண்ணாவிடம் ஒப்படைத்தார். பத்து லட்சம் இலக்கு; சேர்ந்தது பதினொரு லட்சம். வேட்பாளர் பட்டியலை வாசித்த அண்ணா, சைதாப்பேட்டைக்கு ஆள் பெயரைச் சொல்லாமல் "பதினொரு லட்சம்" என்றாராம். அவ்வளவும் ஏழைகளின் காசு என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் எவ்வளவு சேர்ந்தது என்பது கொடுத்தவர்களின் காதுபட மேடையில் சொல்லப்பட்டது.

பிறகு 'உண்டியல் குலுக்கிகள்' என்பது இடதுசாரிகளைக் கேலி செய்யும் சொல்லாயிற்று. அந்தக் கேலியை அவர்கள் ஒரு பதக்கம்போல் அணிந்திருந்தார்கள் என்றே எனக்குத் தோன்றும். 2019 மக்களவைத் தேர்தலுக்குப் பின் தி.மு.க. தேர்தல் ஆணையத்திடம் அளித்த செலவுக் கணக்கில், இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சிக்கு 15 கோடியும் மார்க்சிஸ்ட் கட்சிக்கு 10 கோடியும் கொடுத்ததாக இருந்தது. இரு கட்சிகளும் தமிழகத்தில் போட்டியிட்டவை தலா இரண்டு தொகுதிகள். நான்கிலும் வென்றார்கள். அப்போது ஒரு மக்களவை வேட்பாளரின் செலவுக்கு உச்சவரம்பு 70 லட்சம். கட்சியின் செலவுக்கோ அன்றும் இன்றும் வரம்பே இல்லை. ஆக, சட்டப்படி குற்றமில்லை, கணக்கும் மறைக்கப்படவில்லை. தேர்தல் பத்திரங்களை மறுத்து, வழக்கும் தொடுத்து, 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அவற்றை ரத்துசெய்யக் காரணமானவர்களில் மார்க்சிஸ்ட் கட்சியும் உண்டு என்பதை மறந்துவிட்டுப் பேசுவது நியாயமாகாது. இருந்தும் எனக்கு மனம் ஆறவில்லை. கோடிகளை ஒரே கையிலிருந்து பெற்றுக்கொண்ட பிறகு, உண்டியலில் விழும் பத்து ரூபாய் வெறும் சடங்காகிவிடுகிறது. கொடுத்தவரின் கேள்விக்கு அப்புறம் என்ன எடை?

சில்லறையால் தேர்தலை வெல்ல முடியுமா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். பெரும்பாலும் முடியாது. இரோம் சர்மிளாவின் கட்சி 2017இல் பொதுமக்களிடம் நிதி திரட்டித்தான் மணிப்பூரில் களமிறங்கியது. தௌபாலில் அவருக்கு விழுந்தவை 90 வாக்குகள். 2019இல் பெகுசராயில் கன்னையா குமார் இணையம் வழியாகவே 70 லட்சம் திரட்டி, நான்கு லட்சத்துக்கு மேற்பட்ட வாக்குகளில் தோற்றார். நன்கொடை தந்தவர்களில் எத்தனை பேருக்கு பெகுசராயில் வாக்கு இருந்திருக்கும்? இணையத்தில் பணம் எளிதாக வருகிறது, வாக்காளர் வருவதில்லை. வாசலில் நிற்கும் உண்டியலோ பணத்தோடு முகத்தையும் கொண்டுவருகிறது.

ஆகவே, உண்டியல் ஏந்துகிறவர்களிடம் நான் கேட்பது சிறிய காரியம். தேர்தல் ஆணையத்துக்குக் கொடுக்கும் கணக்கின் சுருக்கத்தைத் தமிழில் ஒரே தாளில் எழுதி, வசூலித்த அதே இடத்துக்குத் திரும்பி வந்து வாசியுங்கள். சுவரொட்டிக்கு இவ்வளவு, ஆட்டோ வாடகைக்கு இவ்வளவு, தேநீருக்கு இவ்வளவு என்று. தோற்றிருந்தாலும் வாருங்கள். மாலை ஆறு மணிக்குமேல் அந்த அம்மாள் அங்கேதான் இருப்பார்.