பெயர்ப்பலகையில் வீடு எங்கே?

பிளஸ் டூ முடித்த கோடையில் என் அத்தை மகள் ஹோம் சயின்ஸ் எடுக்கப்போவதாகச் சொன்னாள். பொறியியல் கவுன்சிலிங்குக்குக் கிளம்பிக்கொண்டிருந்த நான், "ரசம் வைக்கறதுக்கு ஒரு டிகிரியா?" என்று கேட்டேன். வீடே சிரித்தது, அவளைத் தவிர. சில வருடங்கள் கழித்து அப்பாவுக்குச் சிறுநீரகம் பழுதானபோது, அந்த ரசத்தில் எவ்வளவு உப்பு, எத்தனை தக்காளி, பருப்பு எத்தனை கிராம் என்று கணக்குப் போட்டுத் தந்தவள் அவள்தான். என் டிகிரி அன்றைக்கு எதற்கும் உதவவில்லை.

பதினேழு வயசுப் பையன் உளறியதை மன்னித்துவிடலாம். ஆனால் அதே கேலிக்குப் பயந்து பெரிய பல்கலைக்கழகங்கள் தங்கள் கல்லூரிகளின் பெயரையே மாற்றிக்கொண்டதை என்ன சொல்வது?

அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தைப் பாருங்கள். 1900-ல் மார்த்தா வான் ரென்ஸலீர் என்பவர் அங்கே வேலைக்குச் சேர்ந்தார். கிராமத்து விவசாயக் குடும்பப் பெண்களுக்கு அஞ்சல் வழியில் பாடம் நடத்துவது அவர் வேலை. அவருடைய முதல் பிரசுரம், வீட்டுவேலையில் வீணாக நடக்கும் நடையைக் குறைப்பது எப்படி என்பதைப் பற்றியது. இதையே இன்று ஆபீஸில் 'ஆப்டிமைசேஷன்' என்று சொல்லிச் சம்பளம் வாங்குகிறோம்.

1907-ல் அது துறையாக வளர்ந்தது, ஃப்ளோரா ரோஸ் வந்து சேர்ந்தார். 1911-ல் இருவருக்கும் பேராசிரியர் பதவி தரும் பேச்சு வந்தபோது ஆசிரியர் குழு எடுத்த முடிவு இதுதான்: பொதுவாகப் பெண்களைப் பேராசிரியர் ஆக்குவதில் எங்களுக்கு விருப்பமில்லை, ஆனால் ஹோம் எகனாமிக்ஸ் துறைக்குள் என்றால் ஆட்சேபம் இல்லை. அதாவது முன்வாசலைச் சாத்திவிட்டு அடுக்களைக் கதவை மட்டும் திறந்துவிட்டார்கள். அந்தக் கதவு வழியாக உள்ளே போனவர்கள், 1925-ல் மாநில அரசே அங்கீகரித்த தனிக் கல்லூரியாக அதை வளர்த்தெடுத்தார்கள்.

அங்கே என்னதான் நடந்தது? ரசம் வைக்கவா சொல்லிக்கொடுத்தார்கள்? 1930-களின் பெரும் பொருளாதார வீழ்ச்சியில் ஜனங்கள் பட்டினி கிடந்தபோது, சோளமாவும் பால்பவுடரும் கலந்து 'மில்கார்னோ' என்ற மலிவான சத்துணவை உருவாக்கினார்கள். ஃப்ளெம்மி கிட்ரெல் என்ற கறுப்பினப் பெண் 1936-ல் அங்கே முனைவர் பட்டம் பெற்றார். 1950-ல் பரோடாவுக்கு வந்து, அந்தப் பல்கலைக்கழகத்தின் ஹோம் சயின்ஸ் கல்லூரியை அமைக்க உதவியவரும் அவர்தான். ஏழைக் குழந்தைகளுக்கான 'ஹெட் ஸ்டார்ட்' திட்டம் 1965-ல் தொடங்கியபோது அதை வடிவமைத்தவர்களில் ஒருவர் யூரி பிரான்ஃபென்ப்ரென்னர், இதே கல்லூரியின் பேராசிரியர்.

அப்புறம் 1968-ல் முதன்முறையாக ஓர் ஆண் டீன் வந்தார். 1969-ல் பெயர் 'ஹியூமன் எக்காலஜி' ஆனது, பலகையிலிருந்து 'வீடு' காணாமல் போனது. மற்ற இடங்களிலும் இதே கதைதான். அயோவா ஸ்டேட்டில் 2005-ல் அது 'ஹியூமன் சயின்சஸ்' ஆனது. கிட்ரெல் வந்துபோன பரோடாவில் இப்போது 'குடும்ப, சமூக அறிவியல்கள்' புலம்.

பாடம் விரிந்தது, அதனால் பெயர் மாறியது என்பார்கள். நம்பாதீர்கள். மேலே சொன்ன ஒவ்வொரு வேலையும் பழைய பெயரில் நடந்தது. கோடு எழுதுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: ஃபங்ஷன் அதேபடி ஓடிக்கொண்டிருக்கும்போது பெயரை மட்டும் மாற்றினால், பழைய பெயர் யாருக்கோ கூச்சமாக இருக்கிறது என்றுதான் அர்த்தம்.

பழைய பெயர் பெண்ணை அடுக்களையில் கட்டிப்போட்டதே என்று ஒரு தோழி சண்டைக்கு வந்தாள். நியாயமான சண்டைதான். வேதியியல் படித்த பெண்களைக்கூட, உன் இடம் இதுதான் என்று அந்தத் துறைக்கே தள்ளினார்கள். கார்னெலில் மாணவிகள் தாய்மை பழகுவதற்கு அநாதை இல்லத்துக் குழந்தைகளைக் கொண்டுவந்து, ஷிஃப்ட் போட்டு மாறி மாறி வளர்த்தார்கள். பல பத்தாண்டுகள் இது நடந்தது. இதற்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன்.

ஆனால் அது கூண்டாக இருந்தது என்றால் பையன்களையும் உள்ளே அனுப்பியிருக்க வேண்டும். சோறு, துணி, குழந்தை, முதியவர், வீட்டுக் கணக்கு எல்லாம் ஆணுக்கும் உள்ள பாடம்தானே? அதைச் செய்யாமல் பலகையை மட்டும் மாற்றியதால், வீடு என்பது ஆராய்ச்சிக்கு லாயக்கற்ற கேவலமான சொல் என்று பல்கலைக்கழகமே சான்றிதழ் கொடுத்த மாதிரி ஆகிவிட்டது. என் வீட்டில் அன்று எழுந்த சிரிப்பும் அந்தச் சான்றிதழும் ஒன்றுதான்.

அடுத்த வருஷம் உங்கள் வீட்டில் ஒரு பையன் பிளஸ் டூ முடிக்கிறானா? ஹோம் சயின்ஸும் ஒரு படிப்பு என்று அவனிடம் சொல்லிப் பாருங்கள். பக்கத்தில் யார் சிரிக்கிறார்கள் என்று கவனியுங்கள். சண்டையை அவர்களிடமிருந்து தொடங்கலாம்.