பிராணவாயு பகையாகும் நேரம்

பக்கவாதத்தில் ஒரு விந்தை உண்டு. மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாய் அடைபட்டால், பிராணவாயு இன்றி உயிரணுக்கள் மடிகின்றன. அடைப்பு நீங்கி இரத்தம் மீண்டும் பாயும்போதோ, அதே பிராணவாயு முரட்டு மூலக்கூறுகளாக மாறி, தப்பிப் பிழைத்த அணுக்களையும் தாக்குகிறது! அதற்காக அடைப்பை நீக்காமல் விட முடியுமா?

முரடர்களை அடக்க மருந்து தேடினார்கள். எலிகளிடம் பலித்தது. 'என்.எக்ஸ்.ஒய்.-059' என்ற மருந்து, 2006-ல் வெளியான பெரிய சோதனையில் நம்பிக்கை ஊட்டியது. 2007-ல் வெளியான அடுத்த சோதனையில், 3,300 நோயாளிகளுக்கு மேல் கலந்துகொண்டும், பயன் தெரியவில்லை. ஜப்பானில் 2001-ல் அனுமதி பெற்ற 'எடராவோன்' போல் ஒன்றிரண்டே மிச்சம்.

நிலைமை இப்படியிருக்க, கடையில் விற்கும் 'ஆன்டி ஆக்சிடண்ட்' மாத்திரை பக்கவாதத்தைத் தடுக்கும் என்று நம்புவது பேதைமை. வாய் கோணி, கை சோர்ந்து, பேச்சுக் குழறினால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசிக்குப் பொதுவாக நாலரை மணி நேரமே கெடு. 'விடியட்டும், பார்க்கலாம்' என்று படுக்க வைக்கும் வீடுகள் இன்றும் இருக்கின்றன.