காலணா வரியில் பிறந்த ரயில்

தமிழகத்துக்கு ரயில் வந்த கதையை ராயபுரத்தில் தொடங்குவதுதான் வழக்கம். 1856 ஜூலை 1 அன்று அங்கிருந்து வாலாஜா ரோடுக்குப் பயணிகள் ரயில் ஓடத் தொடங்கியது. பாதையைப் போட்டது, இங்கிலாந்தில் முதல் திரட்டிய மதராஸ் ரயில்வே கம்பெனி. இதே மாகாணத்தில், காவிரி டெல்டாவின் நிலங்களிலிருந்து திரட்டிய வரியைக் கொண்டு ஒரு ஜில்லா போர்டு, அதாவது அன்றைய மாவட்ட உள்ளாட்சி அமைப்பு, தன் சொந்த ரயில் பாதையை அமைத்த கதையும் உண்டு. நாம் அதிகம் பேசாத இந்த இரண்டாவது கதையில்தான் இன்றைக்குத் தேவையான பாடம் இருக்கிறது.

கம்பெனி ரயில்களின் கணக்கு எளிது. போட்ட முதலுக்கு ஆண்டுக்கு 5% வட்டி தர அரசு உத்தரவாதம் அளித்தது. நிலத்தையும் இலவசமாகக் கொடுத்தது. ரயில் நஷ்டத்தில் ஓடினாலும் பங்குதாரருக்கு வட்டி போய்ச் சேரும், பற்றாக்குறையை இந்தியர்களின் வரிப்பணம் ஈடுகட்டும். எந்த ஊருக்குப் பாதை வேண்டும் என்பதைத் துறைமுக வணிகமும் ராணுவத் தேவையும் பெருமளவு தீர்மானித்தன. கிரேட் சதர்ன் கம்பெனி 1861-62இல் நாகப்பட்டினம் துறைமுகத்தைத் தஞ்சாவூர், திருச்சியோடு இணைத்தது இந்த வழியில்தான். அந்தக் கம்பெனி 1874இல் கர்நாடிக் ரயில்வேயுடன் சேர்ந்து சவுத் இந்தியன் ரயில்வே ஆனது.

நாகப்பட்டினம் பாதை மேற்கிலிருந்து கிழக்காக, கடலை நோக்கிச் சென்றது. டெல்டாவின் ஆறுகளும் அதே திசையில்தான் ஓடுகின்றன. அரசலாறு, முடிகொண்டான், ஓடம்போக்கி, பாண்டவையாறு, அரிச்சந்திரா நதி, முள்ளியாறு என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கடக்காமல் வடக்கிலிருந்து தெற்கே போக முடியாது. மழைக்காலத்தில் வண்டிப் பாதைகள் சேற்றில் புதைந்துவிடும். மாயவரத்துக்காரர் திருத்துறைப்பூண்டிக்கு நெல் மூட்டை அனுப்புவதே பெரும்பாடு. ஏற்றுமதிக்குப் போட்ட பாதை இந்தக் குறையைத் தீர்க்கவில்லை. டெல்டா தனக்குள்ளேயே இணைவதற்கு ஆறுகளைக் குறுக்கே கடந்து செல்லும் பாதை தேவைப்பட்டது.

தஞ்சாவூர் ஜில்லா போர்டு அந்தத் தேவையைக் கையில் எடுத்தது. ஏற்கெனவே இருந்த நிலவரிகளோடு, நிலத்தின் ஆண்டு மதிப்பில் ரூபாய்க்கு 3 தம்பிடி, அதாவது காலணா, ரயிலுக்கென்று தனியாக வசூலிக்கப்பட்டது. ரூபாயில் 64இல் ஒரு பங்குதான். ஆனால், ஒரு ஜில்லா முழுவதும் ஆண்டுதோறும் சேர்ந்த காலணாக்கள் ஒரு ரயில் பாதைக்கு அடித்தளமாயின. 1894இல் மாயவரத்திலிருந்து திருவாரூர், திருத்துறைப்பூண்டி வழியாக முத்துப்பேட்டைக்குச் சுமார் 54 மைல் நீளப் பாதை திறக்கப்பட்டது. அடுத்த பத்தாண்டுக்குள் அது பட்டுக்கோட்டையையும் அறந்தாங்கியையும் எட்டியது.

ரயிலை ஓட்டியது சவுத் இந்தியன் ரயில்வே. பாதைக்கு உடைமையாளர் ஜில்லா போர்டு. ஓட்டும் திறமை உள்ளவரிடம் ஓட்டத்தைக் கொடுத்துவிட்டு, உடைமையையும் வருமானத்தில் பங்கையும் தன்னிடமே வைத்துக்கொண்டது போர்டு. இந்த முறை பரவியது. கிருஷ்ணா ஜில்லா போர்டு பெஜவாடா–மசூலிப்பட்டினம் பாதையையும், குண்டூர் போர்டு தெனாலி–ரேபள்ளி பாதையையும், கோயம்புத்தூர் போர்டு போத்தனூர்–பொள்ளாச்சி பாதையையும், திருநெல்வேலி போர்டு திருச்செந்தூர் பாதையையும் தத்தம் பொறுப்பில் கொண்டுவந்தன.

இதைப் பொற்காலம் என்று நான் சொல்லவில்லை. போர்டின் தலைமையில் கலெக்டர் இருந்தார். உறுப்பினர் இருக்கைகளில் பெரும் மிராசுதாரர்களின் செல்வாக்கு ஓங்கியிருந்தது. வரியைச் செலுத்தியவர் நிலத்துக்காரர் என்றாலும், அந்தப் பணத்துக்கான நெல்லை விளைவித்தவர்கள் குத்தகைதாரர்களும் பண்ணையாட்களும். பாதை எங்கே போக வேண்டும் என்று அவர்களை யாரும் கேட்கவில்லை. ஆனாலும், ஒரு வட்டாரத்தின் பணம் அந்த வட்டாரத்தின் தேவைக்கே செலவாக வேண்டும் என்ற நெறி இதில் இருந்தது. பிற்காலத்தில் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி உருவானபோது இந்த ரயில் வரி நிதியே அதற்கு உதவியது என்பது அந்த நெறி எவ்வளவு தூரம் பலன் தந்தது என்பதைக் காட்டுகிறது.

விடுதலைக்குப் பின் ரயில்வே முழுமையாக ஒன்றிய அரசின் பொறுப்பானது. 1951இல் தெற்கு ரயில்வே உருவானது. நாடு தழுவிய வலைப்பின்னலுக்கு ஒரே நிர்வாகம் தேவைதான். சிதறிய கம்பெனிகளையும் வேறுபட்ட அகலங்களையும் வைத்துக்கொண்டு இவ்வளவு தூரம் வந்திருக்க முடியாது. ஆனால், இந்த மாற்றத்தில் நாம் இழந்தது வட்டாரத்தின் குரலை. ஜில்லா போர்டின் பழைய பாதையை உள்ளடக்கிய திருவாரூர்–காரைக்குடி தடம், அகலப்பாதைப் பணிக்காக மூடப்பட்டு, பல ஆண்டுகள் ரயிலின்றிக் கிடந்தது. 2019இல் ரயில் திரும்பியபோதும் கடவுப்பாதைகளுக்குப் போதிய ஊழியர் இல்லை. ரயிலிலேயே வந்த ஊழியர்கள் ஒவ்வொரு கேட்டிலும் இறங்கி, மூடித் திறக்க வேண்டியிருந்ததால் பயணம் பல மணி நேரம் இழுத்தது. உப்பளங்களின் ஊரான அகஸ்தியம்பள்ளிக்கு ரயில் மீண்டும் வர 2023 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. காலணா கொடுத்துப் பாதை போட்ட மண், அதே பாதையில் ரயில் விடக் கோரி மறியலும் மனுவுமாக நிற்க நேர்ந்தது.

மக்களிடம் மீண்டும் ரயில் வரி வசூலிக்கச் சொல்வது என் நோக்கமல்ல. முடிவெடுக்கும் இடத்தில் அவர்களுக்கு இருக்கை வேண்டும் என்கிறேன். ரயில் பயணிகள் ஆலோசனைக் குழுக்கள் யோசனை சொல்லலாம். அதை ஏற்கும் கடமை ரயில்வேக்கு இல்லை. உள்ளாட்சிப் பிரதிநிதிகளைக் கொண்ட மாவட்டத் திட்டக் குழுவுக்கு அரசமைப்புச் சட்டம் இடமளித்திருக்கிறது. ஒரு கிளைப் பாதையை மூடவோ, நிறுத்தத்தை நீக்கவோ, சேவையைக் குறைக்கவோ முன்வரும் ரயில்வே, அந்தக் குழுவிடம் காரணங்களையும் வரவு-செலவையும் வைத்து, அதன் கருத்துக்கு எழுத்தில் பதில் தர வேண்டும் என்று சட்டம் வரட்டும். நெல்லும் உப்பும் மாணவர்களும் எந்த நேரத்தில் எங்கே போக வேண்டும் என்பது அந்தந்த ஊருக்குத்தான் தெரியும். 19ஆம் நூற்றாண்டின் ஜில்லா போர்டு, எல்லோரையும் கேட்காவிட்டாலும், அந்தத் தேவையை முன்வைத்தே பாதை போட்டது. தேர்தலில் வென்று வரும் இன்றைய உள்ளாட்சிகளுக்கு அதைவிடக் குறைந்த இடம் கொடுப்பதை எந்தக் காரணமும் நியாயப்படுத்தாது.