முன்னால் புதுசு, பின்னால் பழசு

 

வாய்ப்பாடும் வல்லினம் மிகும் இடமும் சொல்லிக்கொடுத்த டீச்சர் கார் டயரைப் பற்றி எழுத வந்துவிட்டாளே என்று சிரிப்பீர்கள். சிரித்துவிட்டுப் படியுங்கள். கொஞ்சம் நீளமான பதிவுதான்.

போன ஐப்பசி மழையில் திண்டிவனம் தாண்டி எங்கள் கார் சுழன்று நின்ற சேதி உறவுக்காரர்களுக்குத் தெரியும். அக்காவுக்கு மணிக்கட்டு எலும்பு முறிந்தது. ஓட்டியவன் என் தங்கை மகன். அன்றிலிருந்து எந்த விசேஷத்துக்குப் போனாலும் "அவன்கிட்ட வண்டியைக் கொடுக்காதீங்க" என்ற பேச்சு காதில் விழுகிறது. பையனும் ஸ்டியரிங்கைத் தொடுவதே இல்லை. தப்பு அவனுடையது அல்ல, என்னுடையது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

ஆவணி மாதம் டயர் கடைக்குப் போனபோது, முன் டயர் இரண்டும் வழுக்கையாகி இருந்தன. பின் டயர்கள் பாதிக்கு மேல் தேய்ந்திருந்தன. நான்கையும் மாற்றிவிடுங்கள் என்றார் கடைக்காரர். பென்ஷன்காரி, இரண்டு போதும் என்றேன். "சரிங்க டீச்சர், அப்போ புதுசைப் பின்னால போட்டு, பின்னால இருக்கறதை முன்னால கொண்டுவந்துடட்டுமா?" என்று கேட்டார். எனக்கோ எல்லாம் தெரிந்த நினைப்பு. "முன்சக்கரம்தானே வண்டியை இழுக்குது, அதைத்தானே திருப்புறோம், புதுசு முன்னாலதான்" என்று அடித்துச் சொன்னேன். விலை குறைவு என்று வேறு கம்பெனி டயராகவும் எடுத்தேன். அவர் மறுபேச்சுப் பேசவில்லை. டீச்சரை எதிர்த்துப் பேசக்கூடாது என்று வளர்த்த பழக்கம் எனக்கே வினையாக வந்தது.

என் கணக்கு எங்கே தப்பியது என்று பிறகு விசாரித்துப் புரிந்துகொண்டேன். புது கார் டயரில் பள்ளம் சுமார் 8 மில்லிமீட்டர் ஆழம் இருக்கும். 1.6 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் ஓட்டக்கூடாது என்பது நம் நாட்டுச் சட்டம். அந்தப் பள்ளம் இருப்பது அழகுக்கு அல்ல. ரோட்டில் நிற்கும் தண்ணீரை ஒதுக்கித் தள்ளி, ரப்பர் தரையைத் தொட வழி செய்யத்தான். பள்ளம் குறைந்த டயர் வேகத்தில் தண்ணீரைத் தள்ள முடியாமல் அதன் மேலேயே மிதக்க ஆரம்பித்துவிடும்.

முன் டயர் மிதந்தால் வண்டி திரும்ப மறுத்து நேராகப் போகும். ஸ்டியரிங் லேசாகிவிட்டது என்று கையிலேயே தெரியும். காலை எடுத்தால் வேகம் குறைந்து பிடிப்பு திரும்ப வாய்ப்பு உண்டு. பின் டயர் மிதந்தால் முன்னறிவிப்பே கிடையாது. முன்பக்கம் ரோட்டைப் பிடித்துக்கொண்டிருக்க, வால் மட்டும் வீசிக்கொண்டு வரும். பயத்தில் யாரும் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுப்போம், அல்லது பிரேக்கை மிதிப்போம். அப்போது பாரமெல்லாம் முன்னால் சாய்ந்து பின்பக்கம் இன்னும் லேசாகி, வண்டி பம்பரம்தான். முன்சக்கரம் இழுக்கும் வண்டியானாலும் இரண்டு மட்டும் மாற்றினால் புதுசு பின்னால்தான் என்று மிச்செலின் போன்ற டயர் கம்பெனிகளே சொல்கின்றன.

அன்று நடந்ததும் அதேதான். மேம்பாலம் இறங்கும் வளைவில் தண்ணீர் தேங்கி இருந்தது. நான் பக்கத்து சீட்டில் இருந்தேன். எண்பதுக்கு மேல் முள் போகவில்லை. புது டயர் ரோட்டைக் கவ்வியது, பழைய டயர் கைவிட்டது. சின்னவன் காலை எடுத்ததைத் தவிர எதுவும் செய்யவில்லை. வண்டி திரும்பி நின்று நடுத்தடுப்பில் இடித்தது. பின்னால் லாரி எதுவும் வராதது நம் குலதெய்வம் காத்தது.

"அம்பாசடர் காலத்தில் நாலு சக்கரத்துக்கு நாலு விதமா டயர் போட்டு ஓட்டினோமே" என்கிறார் பெரிய அத்தான். அத்தான், அப்போது நீங்கள் போனது ஒற்றை ரோட்டில் ஐம்பது கிலோமீட்டர் வேகம். இப்போது நாற்கரச் சாலையில் நூறில் போகிறார்கள். இன்னொரு மாணவன் போனில், "நானோ காரிலேயே முன் டயர் ஒல்லி, பின் டயர் அகலம் டீச்சர், பைக்கிலும் அப்படித்தானே" என்றான். கெட்டிக்காரன். முன்னால் 135, பின்னால் 155 என்பது உண்மைதான். ஆனால் அது இன்ஜினைப் பின்னால் வைத்த டாடா கம்பெனி யோசித்துச் செய்த வித்தியாசம். பணத்தை மிச்சம் பிடிக்க நான் செய்த வித்தியாசம் வேறு.

என் அபிப்பிராயம் இதுதான். முடிந்தால் நான்கும் ஒரே கம்பெனி, ஒரே ரகமாகப் போடுங்கள். முடியாவிட்டால் ஒரே அச்சில் இருக்கும் இரண்டாவது ஜோடியாக இருக்கட்டும், பள்ளம் அதிகமுள்ள ஜோடி பின்னால் போகட்டும். ஒரு சக்கரத்தை மட்டும் மாற்றும் வேலையே வேண்டாம். எட்டாயிரம், பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை முன் பின் மாற்றிப் போட்டுவந்தால் நான்கும் ஒன்றாகத் தேயும், இந்தப் பிரச்சினையே வராது. தம்பி மகள் பழைய கார் வாங்கப் போகிறாள் என்று கேள்விப்பட்டேன். கண்ணு, பெயின்டைப் பார்க்கும் முன் குனிந்து டயரைப் பார். பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம் செய்தது. நான்கிலும் நான்கு வருடம் இருந்தால் விலையில் பேசு.

கடைசியாகச் சின்னவனுக்கு. நான்கு டயரும் புதுசாக மாற்றியாகிவிட்டது, நகைச்சீட்டுப் பணத்தில். தை பிறந்ததும் சிதம்பரம் கல்யாணத்துக்குப் போக வேண்டும். அக்காவுக்கு மாவுக்கட்டு பிரித்தாகிவிட்டது. நீதான் ஓட்ட வேண்டும் என்று அவளே சொல்கிறாள். சாவி சாமி அலமாரியில் இருக்கிறது, வந்து எடுத்துக்கொள்ளடா.