மீட்டர் 60 காட்டுது... கார் உண்மையில் 60-லதான் போகுதா? பெரிய டயர் மாட்டும் முன் இதைப் படிங்க!

சென்னையில் கார்களுக்கான வேக வரம்பு மணிக்கு 60 கி.மீ. ஸ்பீடோமீட்டர் 60-ஐத் தாண்டவே இல்லை, ஆனால் கேமராவில் அதற்கு மேல் பதிவாகிறது. இப்படி நடக்க வாய்ப்பு இருக்கா? இருக்கு. அதற்கு ஒரு காரணம், லுக்குக்காக மாட்டிய பெரிய டயராக இருக்கலாம்.

மீட்டர் எதை அளக்கிறது?

ஸ்பீடோமீட்டர் சாலையைப் பார்ப்பதில்லை. சக்கரம் எத்தனை முறை சுற்றுகிறது என்று மட்டுமே எண்ணுகிறது. ஒரு சுற்றுக்கு கார் எவ்வளவு தூரம் நகரும் என்ற கணக்கு, கம்பெனி பொருத்திய டயரை வைத்து முன்கூட்டியே பதிவு செய்யப்பட்டிருக்கும். டயரின் உயரம் மாறினால் அந்தக் கணக்கு தப்பாகிவிடும்.

185/65 ஆர்15 என்றால் என்ன?

185 என்பது டயரின் அகலம், மில்லி மீட்டரில். 65 என்பது பக்கச்சுவரின் உயரம். அதாவது அகலத்தில் 65 சதவீதம். 15 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். கூட்டிப் பார்த்தால் டயரின் மொத்த உயரம் சுமார் 621 மி.மீ.

மாருதி சுஸுகி ஸ்விஃப்ட்டில் சில வேரியண்ட்டுகளுக்கு 165/80 ஆர்14, உயர் வேரியண்ட்டுகளுக்கு 185/65 ஆர்15 தரப்படுகிறது. ரிம் வேறு, அகலம் வேறு. ஆனால் மொத்த உயரத்தில் வித்தியாசம் வெறும் 2 மி.மீ.தான். ரிம் பெரிதாகும்போது பக்கச்சுவரைக் குறைத்து உயரத்தைச் சமன் செய்திருக்கிறார்கள். சரியான டயர் மாற்றத்தின் ரகசியமே இதுதான்.

எவ்வளவு வித்தியாசம் வரும்?

185/65 ஆர்15-க்குப் பதிலாக 205/65 ஆர்15 மாட்டினால் உயரம் சுமார் 647 மி.மீ. ஆகிவிடும். அதாவது 4.2 சதவீதம் அதிகம். மீட்டர் முன்பு துல்லியமாகக் காட்டியதாக வைத்துக்கொண்டால்:

- மீட்டரில் 60 - உண்மையில் 62.5 கி.மீ.
- மீட்டரில் 80 - உண்மையில் 83.4 கி.மீ.
- மீட்டரில் 100 - உண்மையில் 104.2 கி.மீ.

'வெறும் 4 கி.மீ.தானே' என்று விட முடியாது. வேகம் 4 சதவீதம் கூடினால், பிரேக் பிடித்த பின் கார் நிற்க எடுக்கும் தூரம் சுமார் 8 சதவீதம் கூடும்.

கம்பெனி மீட்டரில் 'மார்ஜின்' இருக்குமே?

உண்மைதான். ஐரோப்பா உட்பட பல நாடுகள் பின்பற்றும் ஐ.நா. வாகன விதி எண் 39-ன்படி, மீட்டர் உண்மையான வேகத்தை விடக் குறைத்துக் காட்டவே கூடாது. கொஞ்சம் கூட்டிக் காட்டலாம். 80-ல் போகும் கார் 92 வரை காட்டலாம், 79 காட்டக் கூடாது. அதனால் மீட்டர்கள் பொதுவாகச் சற்று கூட்டியே காட்டும்.

பெரிய டயர் முதலில் விழுங்குவது இந்தப் பாதுகாப்பு இடைவெளியைத்தான். 3 சதவீதம் கூட்டிக் காட்டிவந்த மீட்டர், மேலே சொன்ன டயரை மாட்டியதும் சுமார் 1 சதவீதம் குறைத்துக் காட்ட ஆரம்பிக்கும். ஓட்டுநருக்கு எதுவும் தெரியாது.

ஓடோமீட்டரும் இதில் சிக்கும். மீட்டரில் 10,000 கி.மீ. காட்டும்போது கார் 10,420 கி.மீ. ஓடியிருக்கும். சர்வீஸ் கணக்கும் மைலேஜ் கணக்கும் தவறும். சிறிய டயர் போட்டாலோ, டயர் தேய்ந்தாலோ விளைவு தலைகீழ்: மீட்டர் கூட்டிக் காட்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக வாகனத்தை மாற்றி அமைப்பதைத் தடுக்கிறது. வேக வரம்பை மீறினால் கார்களுக்கு 1,000 முதல் 2,000 ரூபாய் வரை அபராதம் விதிக்க 183-வது பிரிவு வழி செய்கிறது. கேமராவுக்குத் தெரிவது உண்மையான வேகம் மட்டுமே. 'மீட்டர் 60தான் காட்டுச்சு' என்ற பதில் அங்கே எடுபடாது.

நீங்களே செக் பண்ணலாம்

நெடுஞ்சாலையில் ஒரு கிலோ மீட்டர் கல் அருகே டிரிப் மீட்டரைப் பூஜ்யமாக்கி, 10 கி.மீ. தள்ளியிருக்கும் கல் வரை ஓட்டுங்கள். டிரிப் மீட்டர் 9.6 காட்டினால், கணக்கில் சுமார் 4 சதவீதம் பிசகு. சீரான வேகத்தில் போகும்போது செல்போன் ஜி.பி.எஸ். காட்டும் வேகத்தையும் ஒப்பிடலாம். போனைப் பக்கத்தில் இருப்பவர் பார்க்கட்டும்.

டயர் வாங்கும் முன், ஓட்டுநர் கதவு அருகே உள்ள ஸ்டிக்கரிலோ கார் கையேட்டிலோ இருக்கும் சைஸைப் பாருங்கள். கடைக்காரரிடம் "ஃபிட் ஆகுமா?" என்று மட்டும் கேட்காதீர்கள். "மொத்த உயரம் பழைய டயர் அளவுக்கே இருக்கா?" என்றும் கேளுங்கள்.